மணவினைக்கு இடம் தேடினோம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. இவ்விரண்டு செயல்களிலும் மனிதனுடைய பணமும் பொறுமையும் ஒருங்கே சோதனைக்கு உள்ளாகின்றன என்பது அதன் பொருள். எனக்கு அதில் மற்றுமொரு பொருளும் தென்படுகிறது. வீடு கட்ட நினைப்பவன் முதலில் மனையைத் தேடுகிறான். திருமணம் நடத்த நினைப்பவன் முதலில் மண்டபத்தைத் தேடுகிறான். இரண்டுக்கும் முதற் கேள்வி 'எங்கே?' என்பதாகவே இருக்கிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மனையைத் தவறாகத் தேர்ந்தவன் அந்த மனையிலேயே வாழ்ந்து வருந்துகிறான். மண்டபத்தைத் தவறாகத் தேர்ந்தவனோ அங்கே ஒரே ஒரு நாள் இருந்துவிட்டு, அதன் கடனுக்குள் பல ஆண்டுகள் வாழ்கிறான்.

நேயர்களே, மணவினைக்கு இடம் தேடும் இந்தச் சிறு செய்தியில் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணலாம். பள்ளியிலும் கல்லூரியிலும் பயிலும் நீங்கள் நாளை பலவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர்கள். எதையும் எப்படி ஒப்பிடுவது, எதை முதலில் கேட்பது, எதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்னும் பாடத்தை நான் எந்த நூலிலும் கற்கவில்லை. என் திருமணத்துக்கு இடம் தேடி அலைந்த ஆறு ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கற்றேன். அதைச் சொல்லவே இன்று வந்திருக்கிறேன்.

இராமநாதபுரம் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் என் ஊர். இராசசிங்கமங்கலம் என்பது அதன் முழுப்பெயர். பாண்டிய மன்னன் இராசசிம்மன் பெயரைத் தாங்கியது என்பர். ஊரைவிட எங்கள் கண்மாய் புகழ் பெற்றது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்' என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஒரு நாரை ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்பது கருத்து. அந்தக் கண்மாயின் பாசனத்தில் என் தந்தையார்க்கு 2 ஏக்கர் நஞ்சை உண்டு. நான் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

2023ஆம் ஆண்டு தை மாதத்தில் எனக்கு மணம் பேசி முடித்தார்கள். மணமகனார் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர்; அவருடைய அண்ணன்மாரும் சிற்றப்பன்மாரும் கடல் தொழில் செய்பவர்கள். அவர் ஊர் எது தெரியுமா? மண்டபம். 'மண்டபத்து மாப்பிள்ளைக்கு மண்டபம் தேடுகிறார்கள்' என்று தெருவில் ஒரு நகைச்சுவை அப்போது உலவிற்று. இரு வீட்டுப் பெரியவர்களும் ஒரு புதுமை செய்தார்கள். "இடத்தை நீங்கள் இருவருமே பார்த்துச் சொல்லுங்கள்" என்று எங்களிடம் விட்டுவிட்டார்கள். அது உரிமை என்று முதல் ஞாயிறன்று எண்ணினேன். அது பொறுப்பு என்பது ஆறாம் ஞாயிறன்றுதான் விளங்கிற்று.

நாங்கள் நான்கு இடங்களை எண்ணத்தில் கொண்டோம்.

முதலாவது, இராமநாதபுரம் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபம். அது இருவர் ஊருக்கும் இடைவழியில் இருக்கிறது. குளிரூட்டிய கூடம், ஒரே பந்தியில் 300 பேர் உண்ணும் உணவுக்கூடம், ஊர்திகள் நிறுத்த இடம் யாவும் அங்கே இருந்தன. என் தந்தையார் உள்ளம் அதிலேயே நின்றது. நாங்கள் கணக்கு ஏட்டுடன் சென்று வாடகை கேட்டபோது ஒரு தொகை சொன்னார்கள். ஏற்கத்தக்கதாகவே தோன்றியது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டோம். மின்சாரம் அளவுமானிப்படி தனி. மின்தடைக்கு ஜெனரேட்டர் தனி. அதற்கு எண்ணெய் தனி. துப்புரவு தனி. பாத்திர வாடகை தனி. கோடைக்காலமாதலால் லாரித் தண்ணீர் தனி. சமையற்காரரை அவர்கள் சொல்லும் இடத்திலிருந்தே அமர்த்த வேண்டும். எல்லாம் கூட்டியபோது முதலில் சொன்ன தொகையைப்போல் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இதில் மண்டபத்தார்மீது குறை இல்லை. கேட்டதற்கெல்லாம் மறைக்காமல் விடை சொன்னார்கள். கேட்காமல் முன்பணம் கொடுத்திருந்தால் குறை எங்களுடையதாகவே இருந்திருக்கும்.

இரண்டாவது, இராமேசுவரம். என் மாமியாராக வரவிருந்தவர், மகன் திருமணத்தை அந்தத் தீவில்தான் நடத்துவது என்று நேர்ந்துகொண்டிருந்தார். ஆடி மாதந்தோறும் இறைவனுக்கும் இறைவிக்கும் திருக்கல்யாணம் நடக்கும் தலம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தூண்கள் அணிவகுத்த பிராகாரம். பெருமைக்குக் குறைவில்லை. ஆனால் 1914ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற பாம்பன் இரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். புதிய பாலம் திறக்கப்பெற்றது 2025 ஏப்ரலில்தான். ஆகவே தொலைவிலிருந்து இரயிலில் வரும் உறவினர் பாலத்துக்கு இப்பாலேயே இறங்கி, மூட்டை முடிச்சுகளுடன் பேருந்து ஏற வேண்டியிருந்தது. யாத்திரிகர் திரளும் கோடை விடுமுறையில் தங்கும் அறைகளுக்கும் கடும் போட்டி.

மூன்றாவது, உப்பூர். கிழக்குக் கடற்கரைச் சாலையில், எங்கள் ஊருக்கு அண்மையில் உள்ள தலம். அங்குள்ள விநாயகருக்கு வெயிலுகந்த விநாயகர் என்பது பெயர். பிள்ளையாரைப் பிரமசாரி என்றே அறிந்த மாணவர்களுக்கு ஒரு வியப்பான செய்தி: இத்தலத்தில் சித்தி, புத்தி என்னும் இருவருடன் அவருக்கு ஆவணியில் திருக்கல்யாணம் நடத்துகிறார்கள். அங்கே செலவு குறைவு, மங்கலத்துக்கும் குறைவில்லை. ஆனால் தாலி கட்டுவதோடு திருமணம் முடிவதில்லை. ஐந்நூறு பேருக்கு இலை போட நிழல் வேண்டும். "வெயிலை உகந்தவர் பிள்ளையார்; நம் விருந்தினர் அல்லர்" என்றார் அவர்.

நான்காவது, எங்கள் வீடு. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, கொல்லையில் கோட்டையடுப்பு மூட்டிச் செய்யும் பழைய முறை. நான்காவதாகச் சொல்கிறேன், உண்மையில் அதை நாங்கள் அரைமனத்துடன்தான் ஏட்டில் எழுதினோம்.

நான் கணக்கு ஆசிரியையல்லவா? கட்டம் போட்டேன். பயண வசதி, தண்ணீர், நிழல், கழிப்பிடம், உணவுக்கூடம், தங்கும் அறை, ஊர்தி நிறுத்துமிடம், செலவு, அழகு, பெரியோர் விருப்பம் என்று 10 தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண். நாங்கள் தனித்தனியே மதிப்பெண் இட்டுப் பிறகு கூட்டினோம். இருவர் கணக்கிலும் இராமநாதபுரத்து மண்டபமே முதலிடம் பெற்றது. வீடு கடைசியில் நின்றது.

முடிவு கிடைத்துவிட்டது, ஆனால் எங்கள் இருவர் முகத்திலும் மகிழ்ச்சி இல்லை. சிறிது நேரம் கழித்து அவர் கேட்டார்: "உங்கள் அப்பத்தா எப்படி வருவார்கள்?"

என் தந்தையாரைப் பெற்ற பாட்டியை எங்கள் பக்கத்தில் அப்பத்தா என்று அழைப்போம். தாயை இளமையிலேயே இழந்த என்னை வளர்த்தவர் அவர். இரண்டாண்டுகளுக்கு முன் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததுமுதல், முன்னறைக் கட்டிலே அவர் உலகம். சன்னலுக்கு வெளியே தெரியும் தெருவைத் தவிர அவர் எதையும் பார்ப்பதில்லை. என் கட்டத்தில் அவருக்குத் தனித் தலைப்பு இல்லை. 'பெரியோர் விருப்பம்' என்னும் தலைப்பில் அவரும் ஒரு சிறு பங்காக அடங்கியிருந்தார். ஊர்தி நிறுத்தும் இடத்துக்கு நான் இட்ட 10 மதிப்பெண், அப்பத்தா வர இயலாத குறையை ஈடு செய்துவிட்டது! கூட்டல் சரியாகத்தான் இருந்தது. கூட்டக் கூடாதவற்றைக் கூட்டியதே பிழை.

மாணவர்களே, இதை நினைவில் வையுங்கள். ஒன்றைத் தேரும்போது நாம் பார்ப்பவை இரு வகைப்படும். இருந்தால் நல்லது என்பவை ஒரு வகை. இல்லாவிட்டால் வேண்டவே வேண்டாம் என்பவை மற்றொரு வகை. முதல் வகைக்கு மதிப்பெண் இடலாம். இரண்டாம் வகைக்கு இடக் கூடாது. அவை வாயிற்காவலர் போன்றவை. அவை உள்ளே விட்டவற்றையே பிறகு ஒப்பிட வேண்டும்.

கட்டத்தைக் கிழித்துவிட்டுத் திருக்குறளைத் திறந்தேன். பொருட்பாலில் தெரிந்து செயல்வகைக்கு அடுத்து வலியறிதல், அதற்கடுத்துக் காலமறிதல், அதற்கும் அடுத்து, 50ஆம் அதிகாரமாக, இடனறிதல் வருகின்றன. அரசன் மேற்கொள்ளும் போர் முதலிய செயல்களுக்கு வகுத்த முறை அது. எனினும் அந்த வரிசை என்னைத் தடுத்து நிறுத்தியது. வள்ளுவர் முதலில் வலிமையை அளக்கச் சொல்கிறார், பிறகு காலத்தை, மூன்றாவதாகவே இடத்தை. நாங்கள் தலைகீழாகத் தொடங்கியிருந்தோம். இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கேற்ற வலிமையைக் கடனாகத் தேடப் புறப்பட்டிருந்தோம்.

வலிமை என்றால் எங்கள் வரையில் பணம். மண்டபம் உறுதியானால் கண்மாய்ப் பாசனத்து நிலத்தை அடைமானம் வைப்பதென்று என் தந்தையார் எவரிடமும் சொல்லாமல் ஆளைப் பார்த்துப் பேசிவைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்கள் பகுதி வானம் பார்த்த பூமி. மழை வந்து கண்மாய் நிறைந்தால் ஆண்டுக்கு ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. அடைமானம் வைத்த நிலத்தை எந்த விளைச்சலைக் கொண்டு மீட்பது? "அப்பா, ஒரு நாளுக்காக ஒரு கண்மாயையா விற்பது?" என்று கேட்டேன். அவர் விடை சொல்லவில்லை. நிலத்தில் கை வைக்கக் கூடாது என்பது எங்கள் முதல் வாயிற்காவலன் ஆயிற்று. அப்பத்தா தாலி கட்டுவதைக் காண வேண்டும் என்பது இரண்டாவது.

அடுத்தது காலம். மண்டபம், இராமேசுவரம் பகுதிகளில் விசைப்படகுகள் கிழமைக்கு மூன்று நாள் கடலுக்குச் செல்வது வழக்கம். ஏதோ ஒரு நாளில் முகூர்த்தம் வைத்தால் மணமகன் வீட்டு ஆடவரில் பாதிப்பேர் கடலில் இருப்பார்கள். ஆனால் மீன்கள் இனம் பெருகும் பருவமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. அப்போது எல்லாரும் கரையில் இருப்பார்கள். எங்கள் பக்கத்திலோ நெல் அறுவடை தை, மாசியில் முடிந்து, பிறகு மிளகாய்ப் பழம் பறிப்பு சித்திரை வரை நீளும். 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற இராமநாதபுரம் முண்டு மிளகாய் அதுவே. கடலையும் காட்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் இருவர்க்கும் பொருந்தும் மாதம் வைகாசி ஒன்றுதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. தடைக்காலம் கடலோர வீடுகளில் கை ஓய்ந்திருக்கும் காலம், பணமும் ஓய்ந்திருக்கும். எனவே சீர், எதிர்ச்சீர் எதுவாயினும் சுருங்கவே இருக்க வேண்டும் என்று இருவருமே சொல்லிக்கொண்டோம்.

வலிமையும் காலமும் தெரிந்த பிறகு இடம் தானாகவே தெளிவாயிற்று. நான்கில் மூன்று வாயிலிலேயே நின்றுவிட்டன. எஞ்சியது, கடைசி மதிப்பெண் பெற்ற வீடு.

உடனே இரண்டு தடைகள் எழுந்தன. ஒன்று என் தந்தையாருடையது. "முப்பது ஆண்டுகளாக எத்தனை வீட்டுக்கு மொய் எழுதியிருக்கிறேன்! அத்தனை பேரையும் அழைக்க வேண்டாமா? தெருவில் இடம் ஏது?" என்றார். அது வீம்பன்று. எங்கள் பக்கத்தில் மொய் என்பது ஊரார் ஒருவர்க்கொருவர் வைத்திருக்கும் கடன் ஏடு. நட்பின் ஏடும் அதுவே. அதற்கு விடை அடுத்த வீட்டிலிருந்து வந்தது. எங்களுக்கு வலப்புறம் வாழ்பவர்கள் இசுலாமியர். அவ்வீட்டுப் பெரியவர், தம் முற்றத்தையும் பின்கட்டையும் உணவுக்கூடமாக வைத்துக்கொள்ளச் சொன்னார். "எங்கள் வீட்டு நிக்காஹ்வுக்கு உங்கள் திண்ணையில்தானே பந்தி வைத்தோம்?" என்று நினைவூட்டினார். துணை நிற்பவருடைய வலிமையையும் சேர்த்து எண்ணுமாறு வள்ளுவர் ஏன் சொன்னார் என்பது அன்று எனக்கு விளங்கிற்று. என் கட்டத்தில் அண்டை வீட்டாருக்கும் தலைப்பு இல்லை.

மற்றொரு தடை கடினமானது. அது மாமியாரின் நேர்த்தி. தெய்வத்துக்குச் சொன்ன சொல்லை மாற்றுவது எப்படி? அவரிடம் வாதிட எங்களுக்குத் துணிவில்லை. வாதிட்டவர் அவருடைய மாமியார். என் கணவரின் பாட்டி. அவர் பிறந்து, மணந்து, வாழ்ந்த ஊர் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி வீசிய புயலும் எழுந்த கடலும் அந்த ஊரைக் கொண்டுபோயின. உயிர் தப்பிக் கரையேறியவர்களில் அவரும் ஒருவர். அவர் மருமகளைப் பார்த்துச் சொன்னார்: "நானும் உன் மாமனாரும் மாலை மாற்றிய இடத்திலே இன்றைக்கு மணல்தான் கிடக்கிறது. இடம் போயிற்று, கல்யாணம் போயிற்றா? நேர்ந்தது கும்பிடுவதற்குத்தானே? கட்டிக்கொண்டு போய்க் கும்பிடட்டும்."

அதற்குமேல் எவரும் பேசவில்லை. தாலி எங்கள் வீட்டில், மறுவாரம் தம்பதியராய் இராமேசுவரத்தில் வழிபாடு என்று முடிவாயிற்று.

நேயர்களே, எங்கள் முடிவு புதுமையன்று, மிகப் பழைமையானது. அகநானூற்றில் 86, 136 எனும் எண்ணுள்ள பாடல்களில் பண்டைத் தமிழர் திருமணத்தைக் காண்கிறோம். அங்கே தனி மண்டபம் இல்லை. வீட்டு முற்றத்துப் பந்தல், பரப்பிய புதுமணல், ஏற்றிய விளக்கு, உண்டு மகிழும் சுற்றம் ஆகியவையே உள்ளன. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது காட்சி மாறுகிறது. புகார் நகரத்துப் பெருவணிகர் இல்லத்தில் நீல விதானமும் முத்துப் பந்தரும் வந்துவிடுகின்றன. பந்தலின் அழகு பாட்டில் நம்மைக் கவர்கிறது. ஆனால் அந்தத் தம்பதியரின் வாழ்வை அந்த முத்துக்கள் காக்கவில்லை என்பதையும் இளங்கோவடிகள் நமக்குக் காட்டுகிறார்.

அண்மைக் காலத்தைப் பாருங்கள். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த அருப்புக்கோட்டைக்கு அருகில், சுக்கிலநத்தம் என்னும் சிற்றூரில், 1928ஆம் ஆண்டு பெரியார் தலைமையில் நடந்ததே முதல் சுயமரியாதைத் திருமணம் என்பர். அத்தகைய மணங்களுக்கு 1967ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் முழு ஏற்பு வழங்கியது. எங்கள் திருமணம் நடந்த சில மாதங்களில், 2023 ஆகஸ்டில், உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி சென்று, அம்முறைத் திருமணத்துக்குப் பலர் கூடும் பொது நிகழ்ச்சி கட்டாயமில்லை என்று தீர்ப்பளித்தது. எங்கள் பக்கத்தில் ஓரியூர் அருளானந்தரை வணங்கும் கத்தோலிக்கர்க்கு இந்த இடத் தேட்டமே பெரிதில்லை. மூன்று முறை ஓலை வாசித்து, மணமக்களில் ஒருவருடைய பங்குக் கோயிலில் மணம் முடிப்பது அவர்கள் வழக்கம். ஆக, சட்டமானாலும் சமய வழக்கமானாலும், குளிரூட்டிய கூடத்தை எங்கும் கேட்கவில்லை. அதைக் கேட்பது நம் மனம். சில வேளைகளில், அயலார் என்ன சொல்வார்களோ என்னும் நம் அச்சம்.

வைகாசியில் திருமணம் நடந்தது. எல்லாம் குறைவின்றி நடந்தது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். முதல் நாள் மாலை தண்ணீர் லாரி மூன்று மணி நேரம் தாமதித்து வந்தது. காலையில் எழுந்த காற்று பந்தலின் ஒரு மூலைக் கீற்றைத் தூக்கிச் சென்றது. மூன்றாம் பந்தியில் மோர் தீர்ந்துவிட்டது. தெருப் புழுதி பட்டுச் சேலைகளையெல்லாம் ஒரே நிறமாக்கியது. மண்டபத்தில் இவை நேர்ந்திருக்க மாட்டா. இராமநாதபுரம் சென்று திரும்பும்போதெல்லாம் அந்தக் கூடத்தைக் கண்டு, 'இங்கே எவ்வளவு எளிதாக இருந்திருக்கும்' என்று இன்றும் எண்ணுவதுண்டு. ஒன்றைத் தேர்வது என்பது மற்றவற்றை இழப்பதும் ஆகும். அந்த இழப்பை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் முகூர்த்த நேரத்தில் முன்னறைச் சன்னலை முழுதும் திறந்து வைத்திருந்தார்கள். மணவறையைச் சன்னலுக்கு நேரே அமைத்திருந்தோம். தாலி ஏறியதும் நான் முதலில் திரும்பிப் பார்த்தது அந்தச் சன்னலைத்தான். அப்பத்தா, கையில் வைத்திருந்த அட்சதையைச் சன்னல் கம்பிகளுக்கிடையே வீசினார். அரிசியில் பாதி கம்பியில் பட்டு உள்ளேயே விழுந்தது. மீதிப் பாதி எங்கள் தலைக்கு வந்து சேர்ந்தது.

அந்த ஆண்டு கார்த்திகையில் அவர் மறைந்தார். கண்மாய்ப் பாசனத்து நிலத்தில் அப்போது எங்கள் நெற்பயிர் நின்றுகொண்டிருந்தது.

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்தாக வேண்டும். நாங்களும் பதிந்தோம். மணம் நடந்த இடம் எது என்று கேட்டபோது, வீட்டுக் கதவெண்ணைச் சொன்னேன். மாணவ மாணவியரே, உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். கல்லூரியோ, தொழிலோ, இல்லறமோ, எதைத் தேர்ந்தாலும் முதலில் உங்கள் வலிமையைக் கேளுங்கள். அடுத்துக் காலத்தைக் கேளுங்கள். இடத்தைப் பிறகு கேளுங்கள். கட்டம் போட்டு மதிப்பெண் இடுவதும் நல்லதே. ஆனால் கூட்டுவதற்கு முன், எந்த முகம் அங்கே இல்லாவிட்டால் உங்கள் மகிழ்ச்சி குறைப்படும் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள். கட்டத்துக்கு வெளியே யாரேனும் கட்டிலில் படுத்திருக்கலாம்.